இரண்டு படங்களுக்கு நடுவில் ஒரு கோயில்: ஸ்டீரியோ அட்டையில் பழைய எகிப்து

சின்ன வயதில் அத்தை வீட்டில் ஒரு வியூமாஸ்டர் இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு கண் துளை, பக்கத்தில் ஒரு விசை. வட்டமான அட்டையை மேலே செருகி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணில் வைக்க வேண்டும். விசையை அழுத்தினால் அடுத்த படம் வரும். அங்கிருந்த வட்டுகளில் ஒன்றில் எகிப்து இருந்தது. முன்னால் ஓர் ஒட்டகம், அதற்குப் பின்னால் மணல், மணல் முடிகிற இடத்தில் பிரமிடு. பாடப் புத்தகத்தில் அதே பிரமிடைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. இதில் மட்டும் ஒட்டகத்துக்கும் பிரமிடுக்கும் நடுவே நடந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது. அத்தை பெண் பிடுங்குகிற வரை அந்த ஒரு படத்தை விட்டு நான் நகரவில்லை.

அந்த வட்டில் 7 காட்சிகள்தான், ஆனால் 14 குட்டிப் படங்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு படம். இடக் கண்ணுக்கு ஒன்று, வலக் கண்ணுக்கு ஒன்று. 1939-ல் வந்த அந்தப் பொம்மைக்குத் தாத்தா, அதற்கு 80, 90 வருடம் முன்பே லண்டன் வீடுகளின் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் ஸ்டீரியோஸ்கோப். அதில் வைத்துப் பார்க்கிற இரட்டைப் பட அட்டைதான் ஸ்டீரியோ அட்டை. பெரும்பாலானவர்கள் எகிப்தை முதலில் பார்த்தது கப்பலேறிப் போய் அல்ல. இந்தப் பெட்டிக்குள் கண்ணை வைத்துத்தான். பிறகு நிஜமாகவே கப்பலேறிப் போனவர்களும், பெட்டிக்குள் பார்த்த இடத்தையே தேடிப் போய் நின்றார்கள். அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், கண் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஊசியும் நூலும்

வலது கை ஆள்காட்டி விரலை முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். இடக் கண்ணை மூடிப் பாருங்கள். அப்புறம் அதைத் திறந்து வலக் கண்ணை மூடுங்கள். மாற்றி மாற்றிச் செய்தால் விரல் இப்படியும் அப்படியும் தாவும். பின்னால் இருக்கும் சுவரோ அலமாரியோ கிட்டத்தட்ட அங்கேயே இருக்கும். விரலைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும், தள்ளிக் கொண்டுபோனால் குறையும்.

ஸ்டீரியோ படத்தின் மொத்த ரகசியமும் இதுதான். நம் இரண்டு கருவிழிகளுக்கும் இடையே சுமார் 6.5 சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. அதனால் இரண்டு கண்ணும் ஒரே காட்சியைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் வேறுபட்ட இரண்டு காட்சிகளைப் பார்க்கின்றன. கிட்டத்தில் இருப்பதற்கு வேறுபாடு அதிகம், எட்டத்தில் இருப்பதற்குக் குறைவு. மூளை அந்த வேறுபாட்டை அளந்து, 'இது முன்னால், அது பின்னால்' என்று ஆழமாக மாற்றிக் கொடுக்கிறது. நாம் கணக்குப் போடுவது நமக்கே தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், அந்தக் கணக்கு இல்லாமல் போனால் என்ன ஆகிறது என்று புரியும்.

ஒற்றைக் கண்ணுக்கும் ஆழம் கொஞ்சம் தெரியும். பெரியது கிட்டே, சிறியது எட்ட. ஒன்றை மறைப்பது முன்னால் இருப்பது. நிழல் விழும் பக்கம் பள்ளம். சாதாரண ஃபோட்டோ இந்தக் குறிப்புகளை வைத்துத்தான் பிழைக்கிறது. ஆனால் இரண்டு கண் சேர்ந்து தரும் ஆழம் வேறு சாதி. அதை யூகிக்க வேண்டியதில்லை, கண்ணெதிரே நிற்கும்.

இதை முதலில் சோதனை செய்து காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். ஆண்டு 1838. இரண்டு முகக் கண்ணாடிகளைக் கோணமாக நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே பொருளின் இரண்டு கோட்டோவியங்களை வைத்தார். ஒவ்வொரு கண்ணும் தனக்கான ஓவியத்தை மட்டும் பார்த்தது. நடுவில் முப்பரிமாணப் பொருளாக அது எழுந்து நின்றது. கவனியுங்கள், புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். ஸ்டீரியோஸ்கோப் அதற்கு ஒரு வருடம் மூத்தது. கையால் வரைந்த படங்களை வைத்துக்கொண்டு அது கேமராவுக்காகக் காத்திருந்தது.

வீட்ஸ்டனின் கருவி மேஜை அளவு பெரியது. 1849-ல் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் அதைக் கையடக்கப் பெட்டியாக்கினார். ஒரு லென்ஸை இரண்டாக வெட்டி, வெட்டிய பாதிகளைக் கண்ணுக்கு ஒன்றாக வைத்தார். பாதி லென்ஸ் படத்தைப் பெரிதாக்குவதோடு ஒளியைச் சற்று வளைக்கவும் செய்யும். அதனால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய இரண்டு படங்களும் கண்ணுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக வந்து பொருந்தும். பாரிஸில் ஜூல் தூபாஸ்க் அதை நேர்த்தியாகச் செய்து 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்குக் கொண்டுவந்தார். விக்டோரியா ராணிக்கு அது பிடித்துப்போனது. அவ்வளவுதான், ஊரே வாங்க ஆரம்பித்தது. 1854-ல் லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனி தொடங்கியது. 'ஸ்டீரியோஸ்கோப் இல்லாத வீடு இருக்கக் கூடாது' என்பதுதான் அவர்கள் முழக்கம். 1861-ல் பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ், கைப்பிடி வைத்த எளிய மரக் கருவி ஒன்றை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆனதால் அமெரிக்காவில் அது மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அட்டையைக் கையில் எடுத்தால்

பிற்காலத்தில் நிலைத்துவிட்ட அளவு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம். தடித்த அட்டையில் ஒரே மாதிரி இரண்டு படம் ஒட்டியிருக்கும். மஞ்சளோடிய பழுப்பு நிறம், லேசான பளபளப்பு. அந்தப் பளபளப்பு முட்டை வெள்ளைக்கருவால் வந்தது. வெள்ளைக்கரு பூசிய தாளில்தான் அந்தக் காலத்தில் படம் அச்சிட்டார்கள். 1880 வாக்கில் இருந்து பல அட்டைகள் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். பழசாகி வளைந்ததல்ல, கருவியில் வைத்துப் பார்க்கத் தோதாக வேண்டுமென்றே வளைத்தது.

ஒரே மாதிரி என்று சொன்னேன், ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரே மாதிரி இல்லை. இடப் படத்தில் முன்னால் நிற்கிற தூண் பின்னால் உள்ள வாசலைக் கால்வாசி மறைத்தால், வலப் படத்தில் பாதி மறைத்திருக்கும். அந்தக் கால்வாசிக்கும் பாதிக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆழம்.

ஆரம்ப கால அட்டைகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரட்டை லென்ஸ் கேமராவை மான்செஸ்டரின் ஜான் பெஞ்சமின் டான்சர் 1853-ல் செய்தார். அது பரவும் வரை ஒற்றை லென்ஸ் கேமராவால் ஒரு படம் எடுத்து, கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தார்கள். இடையில் சில நிமிடம் போய்விடும். அதற்குள் சூரியன் நகரும், நிழல் நகரும், ஆள் நகர்வார். ஒரு பக்கத்தில் நிற்கிற ஆள் மறுபக்கத்தில் இருக்க மாட்டார். கருவியில் பார்த்தால் அவர் பாதி கரைந்த ஆவி மாதிரி மின்னுவார். கல் மட்டும் நகராது. அந்தக் காரணத்துக்காகவும் கோயிலும் இடிபாடும் ஸ்டீரியோகாரர்களுக்கு உகந்த பொருளாயின.

இரட்டை லென்ஸ் வந்த பிறகு வேறு சிக்கல். லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தான் தகட்டில் பதியும். தகட்டை நேராகத் திருப்பினால் இடப் படம் வலப் பக்கம் போய்விடும். ஆகவே அச்சிட்ட தாளை நடுவில் வெட்டி, இடம் மாற்றி ஒட்ட வேண்டும். அசதியில் மாற்றாமல் ஒட்டினால் ஆழம் தலைகீழாகும். தூண் பள்ளமாகும், பின்சுவர் முன்னால் வந்து நிற்கும். அப்படித் தப்பி வந்த அட்டைகளும் உண்டு. பார்த்தால் தலை சுற்றும்.

நைல் நதியில் ஒரு மளிகை வியாபாரி

பிரான்சிஸ் ஃப்ரித் 1822-ல் பிறந்தவர். லிவர்பூலில் மொத்த மளிகை வியாபாரம் நடத்தி நன்றாகச் சம்பாதித்து, 1850-களின் நடுவில் கடையை விற்றுவிட்டார். கையில் பணம், வயது முப்பத்து சொச்சம். 1856-க்கும் 1860-க்கும் இடையில் மூன்று முறை எகிப்துக்கும் அதைச் சுற்றியுள்ள நாடுகளுக்கும் போனார். கூடவே மூன்று அளவில் கேமராக்கள். மிகப் பெரியதில் சுமார் 40 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு போகும். நடுத்தரம் ஒன்று. மூன்றாவது, ஸ்டீரியோ.

அந்தக் காலத்துப் படமெடுப்பு இப்போது நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஈரக் கொலோடியன் முறை என்று பெயர். சுத்தமாகத் துடைத்த கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, ஓரம் வரை சீராகப் பரவும்படி சாய்த்துச் சாய்த்துக் காட்ட வேண்டும். தோசைக்கல்லில் மாவு பரவுவது போல, ஆனால் கரண்டி படாமல். அது ஈதரும் ஆல்கஹாலும் கலந்தது, நொடியில் ஆவியாகும். உடனே இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். சொட்டச் சொட்ட கேமராவில் செருகிப் படமெடுத்து, ஈரம் காயும் முன்பே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். காய்ந்தால் போச்சு. குளிர்ந்த இங்கிலாந்திலேயே சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். எகிப்து வெயிலில் எவ்வளவு இருக்கும்?

கூடாரத்துக்குள் கொலோடியன் கண்ணாடியில் பட்ட மாத்திரத்தில் கொதித்துப் பொங்கியதாக ஃப்ரித் எழுதியிருக்கிறார். மணல் தூசி ஒட்டும், ஈ ஒட்டும். மலையில் குடைந்த கல்லறைகள் கிடைத்த இடத்தில் அவற்றையே இருட்டறையாக்கிக்கொண்டார். உள்ளே குளிர்ச்சி, இருட்டு, காற்று அசையாது. மூவாயிரம் வருடத்துக்கு முன் ஒருவரை அடக்கம் செய்த அறையில் ஈதர் வாசனை. அந்தக் காட்சி எனக்கு மனதை விட்டு அகல்வதில்லை.

இதில் ஸ்டீரியோவுக்கு ஒரு சலுகை இருந்தது. தகடு சிறியது, லென்ஸுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரமும் குறைவு, அதனால் ஒளி சீக்கிரம் வேலை செய்யும். பெரிய தகட்டை விடக் குறைந்த நேரத்தில் படம் பதியும். பெரிய கேமராவை ஏற்ற முடியாத மூலையிலும் இதை நிறுத்தலாம்.

லண்டனில் கருவிகளும் படங்களும் விற்ற நெக்ரெட்டி, சாம்ப்ரா நிறுவனத்துக்காக ஃப்ரித் எடுத்த ஸ்டீரியோ படங்களில் 100 படங்களைச் சேர்த்து 1862-ல் ஒரு புத்தகமே வந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் விளக்கம் எழுதியவர் ஜோசப் பொனோமி. எகிப்தில் பல வருடம் தங்கிக் கோயில்களை வரைந்தவர் அவர். படம் வெறும் வேடிக்கை அல்ல, பாடமும் கூட என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது.

இடிபாடு ஏன் இதற்கு இவ்வளவு பொருந்தியது?

என் வரையில் இந்தக் கட்டுரையின் மையம் இங்கேதான் இருக்கிறது. கர்னாக் கோயிலின் பெரிய தூண் மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 134 தூண்கள். நடு வரிசையில் உள்ள 12 தூண்கள் மட்டும் சுமார் 21 மீட்டர் உயரம், அதாவது ஆறேழு மாடி. எல்லாம் ஒரே மணற்கல், ஒரே நிறம். இதைச் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தால் என்ன ஆகும்? முன்தூணின் ஓரமும் பின்தூணின் ஓரமும் ஒரே சாம்பல். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரு புடைத்த சுவர் மாதிரி ஆகிவிடும். விழுந்து கிடக்கும் கற்கள் வெறும் கரடுமுரடான தரை.

அதே காட்சியை ஸ்டீரியோஸ்கோப்பில் வையுங்கள். முதல் கணம் இரண்டு படமும் ஒட்டாமல் தத்தளிக்கும். அப்புறம் எதிர்பாராத நேரத்தில் சட்டென்று பூட்டிக்கொள்ளும். முதல் தூண் அதன் உருண்டையோடு முன்னால் வரும். அதற்கும் அடுத்த தூணுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற சந்து திறக்கும். சாய்ந்து நிற்கிற ஒரு தூண் பக்கத்துத் தூணின் மேல் உண்மையாகவே சாய்ந்திருப்பது தெரியும். தரையில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பும். காலில் இடிக்கும் போல இருக்கும். நிறம் செய்ய முடியாததை ஆழம் செய்துவிடுகிறது.

அரண்மனையோ புதுக் கட்டடமோ என்றால் நேர்ச்சுவர், தட்டையான முகப்பு. அதற்கு ஸ்டீரியோ தேவையே இல்லை. இடிபாடு அப்படியல்ல. உடைந்த சுவர் வழியே அடுத்த முற்றம், அதன் வாசல் வழியே வானம். கூரை போன இடத்தில் வெயில் இறங்கும். அடுக்கடுக்காக இருப்பதுதான் அதன் குணம். ரோம், பொம்பேய், ஏதென்ஸ் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி எல்லா இடிபாடுகளும் அட்டையாகின. ஆனால் எகிப்துக்கு ஈடில்லை என்றே நினைக்கிறேன். அந்த மணலும் சேர்ந்ததால். ஃப்ரித் போன காலத்தில் அபு சிம்பல் கோயிலின் முகப்பில் மணல் சரிந்து குவிந்திருந்தது. சுமார் 20 மீட்டர் உயரச் சிலைகளில் சில பாதிக்கு மேல் புதைந்து கிடந்தன. அட்டையில் அந்த மணல் சரிவு நம்மை நோக்கி இறங்கி வருவது தெரியும்.

ஆழம் எல்லாத் தூரத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். 6.5 சென்டிமீட்டர் இடைவெளியில் எடுத்தால், தொலைவில் இருக்கும் பிரமிடு இரண்டு படத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், தட்டையாகத் தெரியும். அதனால் படக்காரர்கள் இரண்டு தந்திரம் செய்தார்கள். ஒன்று, முன்னால் எதையாவது நிறுத்துவது. ஓர் ஒட்டகம், உடைந்த தூணில் உட்கார்ந்த ஓர் ஆள், ஒரு பேரீச்ச மரம். என் வியூமாஸ்டர் ஒட்டகம் அங்கே ஏன் நின்றது என்று இப்போது தெரிகிறதா? இன்னொன்று, இரண்டு லென்ஸுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுவது. மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு வைக்கலாம் என்பது ஒரு பொதுக் கணக்கு. 30 மீட்டர் தள்ளி இருக்கும் சுவருக்கு 1 மீட்டர் இடைவெளி. அளவுக்கு மீறிக் கூட்டினால் மலையும் கோயிலும் மேஜை மேல் வைத்த பொம்மை மாதிரி ஆகிவிடும். நம் மூளை 'இவ்வளவு வேறுபாடு இருந்தால் இது கிட்டத்தில் உள்ள சின்னப் பொருள்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறது.

பிரமிடுக்கு உள்ளேயும் ஸ்டீரியோ போனது. ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளர் சார்லஸ் பியாஸி ஸ்மித் 1865-ல் கீஸாவின் பெரிய பிரமிடுக்குள் மக்னீசியத்தைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் படமெடுத்தார். பிரமிடின் அளவுகளைப் பற்றி அவர் சொன்ன தெய்வீகக் கணக்குகளை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் வெளிச்சமே நுழையாத கல் அறையில் படம் எடுத்துக்காட்டியது பெரிய காரியம்.

அட்டையிலிருந்து கப்பலுக்கு

1850-களில் நைல் பயணம் என்றால் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, சமையல்காரர் மாலுமிகளோடு இரண்டு மூன்று மாதம் போய் வருவது. நேரமும் பணமும் ஏராளமாக இருக்கிறவர்களுக்குத்தான் அது. 1869-ல், சூயஸ் கால்வாய் திறந்த அதே வருடம், தாமஸ் குக் தன் முதல் குழுவை எகிப்துக்குக் கூட்டிப்போனார். பிறகு அவருடைய நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் கெய்ரோவிலிருந்து அஸ்வான் வரை போய்த் திரும்புவதை மூன்று வாரத்தில் முடித்தன. எந்த நாள் எந்தக் கோயில் என்று அட்டவணை.

அட்டவணையில் இருந்த இடங்கள் எவை? பெரும்பாலும் அட்டையில் இருந்த அதே இடங்கள். பிரமிடு, ஸ்பிங்ஸ், கர்னாக், லக்ஸர், மேம்னான் சிலைகள், பிலே. அட்டைதான் அட்டவணையைப் போட்டது என்று சொல்லவில்லை. இரண்டுமே அதற்கு முன்பிருந்த பயண நூல்களையும் ஓவியங்களையும் பின்பற்றின. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நூலைப் படித்தவருக்கு இடத்தின் பெயர் தெரியும். அட்டையைப் பார்த்தவருக்கு எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதே தெரியும். பிலே தீவின் மண்டபத்தை ஆற்றங்கரையில் இந்தக் கோணத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று கண் பழகிவிட்டது. இன்றும் தாஜ்மஹால் போகிறவர் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் வேரில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இதை உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் அண்டர்வுட் அண்டு அண்டர்வுட். கன்சாஸைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் 1880-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த நிறுவனம். கல்லூரி மாணவர்களை விடுமுறையில் வீடு வீடாக அனுப்பி அட்டை விற்றார்கள். தனி அட்டையாக விற்காமல் நாடு நாடாகத் தொகுத்து, புத்தக முதுகு போலத் தோன்றும் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அலமாரியில் நிற்க வைத்தால் நூல்கள் மாதிரியே இருக்கும்.

1905-ல் அவர்கள் வெளியிட்ட எகிப்துத் தொகுப்பு 100 அட்டைகள். கூட வந்த புத்தகத்தை எழுதியவர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எகிப்தியல் பேராசிரியர், கல்வெட்டுகளை நேரில் போய்ப் படியெடுத்த அறிஞர். புத்தகத்தோடு வரைபடங்களும் வந்தன. வரைபடத்தில் ஒரு புள்ளி, அதன் அருகே அட்டையின் எண். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு கோடுகள் விசிறி போலப் பிரிந்து போகும். புள்ளிதான் நீங்கள் நிற்கும் இடம், கோடுகளுக்கு நடுவே உள்ளதுதான் உங்களுக்குத் தெரியும் காட்சி. முதலில் வரைபடத்தில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, எந்தத் திசையைப் பார்க்கிறோம், நம் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, வலக்கைப் பக்கம் ஆறு எவ்வளவு தூரம் என்று படித்துவிட்டு, பிறகு கருவியைக் கண்ணில் வைக்க வேண்டும். அவசரப்படாமல் ஒவ்வொரு அட்டையிலும் தங்கச் சொன்னார்கள்.

ஏதாவது ஒரு செயலியில் தெருக்காட்சியைத் திறந்து, வரைபடத்தில் மஞ்சள் பொம்மையை இறக்கி விட்டிருக்கிறீர்களா? அதே யோசனைதான். காகிதத்தில், நூற்றுப் பதினைந்து வருடத்துக்கும் முன்னால்.

அட்டையில் வராதவர்கள்

இவ்வளவு ஆசையோடு எழுதுகிறேன் என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இந்த அட்டைகளில் எகிப்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தூணடியில் உட்கார்ந்து, சிலையின் முழங்காலில் ஏறி, வாசலில் சாய்ந்து. ஆனால் பெயர் இல்லை. 'இந்தத் தூண் எவ்வளவு பெரியது பாருங்கள்' என்று காட்டுவதற்கு வைத்த அளவுகோல் அவர்கள். முன்னால் ஏதாவது வேண்டுமே என்ற தேவைக்கு நின்ற ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள். படக்காரரின் தண்ணீரைச் சுமந்தவர், கண்ணாடித் தகட்டுப் பெட்டியைக் கழுதையில் ஏற்றியவர், கல்லறைக்கு வழி காட்டியவர் எல்லோரும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

அப்புறம், வெறுமை. அட்டையில் பார்த்தால் கோயில்கள் யாருமற்ற பாலைவனத்தில் கிடப்பது போல இருக்கும். உண்மை அப்படி இல்லை. லக்ஸர் கோயிலுக்குள் அப்போது ஓர் ஊரே இருந்தது. வீடுகள், புறாக்கூண்டுகள், அபுல் ஹக்காக் என்ற பெரியவரின் பெயரில் ஒரு மசூதி. 1880-களில் தொல்லியல் பணிக்காக அந்த வீடுகள் அகற்றப்பட்டன. மசூதி மட்டும் இன்றும் கோயிலுக்குள் தூண்களின் மேல் நிற்கிறது. பழமையைப் பார்க்க வந்தவர்களுக்கு அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் இடைஞ்சலாகத் தெரிந்தார்கள். அட்டைகள் அந்தப் பார்வையை வளர்த்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே அட்டைகள்தான் இன்று பல விஷயங்களுக்குச் சாட்சி. ஸ்பிங்ஸின் உடல் 1920-களிலும் 30-களிலும் முழுதாக வெளியே எடுக்கப்படும் வரை மணலில் எவ்வளவு புதைந்திருந்தது, அஸ்வான் அணைக்காக 1960-களில் அபு சிம்பலை அறுத்து மேலே தூக்கி வைப்பதற்கு முன்னால் அது ஆற்றோடு எப்படி ஒட்டி நின்றது, 1970-களில் வேறு தீவுக்கு மாற்றப்பட்ட பிலே தன் சொந்தத் தீவில் எப்படி இருந்தது. இதெல்லாம் சாதாரணப் படத்திலும் தெரியும். ஆனால் மணல் மேட்டின் சரிவு என்ன, கரைக்கும் வாசலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பது ஸ்டீரியோவில் பார்த்தால்தான் உறைக்கும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1857-ன் கடைசியில் கிளம்பி, 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பழஞ்சின்னங்கள் அழிந்து போவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அரசு கொடுத்த வேலை. பெரிய படங்களை மெழுகேற்றிய காகித நெகட்டிவில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக ஆக்கியது அவரது பெயர்பெற்ற சாதனை. அதே பயணத்தில் மதுரையையும் திருச்சி, தஞ்சைப் பகுதிகளையும் ஸ்டீரியோ படங்களாகவும் எடுத்திருக்கிறார் என்பது அவ்வளவாக வெளியே தெரியாத செய்தி. அவை சுற்றுலாவுக்காக எடுத்தவை அல்ல, அரசு ஆவணம். 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்திவிட்டார். இன்னும் ஐந்து வருடம் விட்டிருந்தால் தமிழகத்தின் எத்தனை கோயில்கள் ஆழத்தோடு நமக்குக் கிடைத்திருக்கும்!

கருவி இல்லாமல் பார்க்க

சரி, இப்போது நீங்களே ஒன்றைப் பார்த்துவிடலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் நியூயார்க் பொது நூலகமும் ஏராளமான ஸ்டீரியோ அட்டைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கர்னாக் என்று தேடி, தூண்கள் உள்ள ஒரு அட்டையைத் திறந்துகொள்ளுங்கள். முதல் முயற்சிக்குத் தொலைதூரக் காட்சி வேண்டாம்.

அளவு முக்கியம். திரையில் இரண்டு படமும் சேர்ந்து 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. இடப் படத்தின் நடுவுக்கும் வலப் படத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் உங்கள் கண்களின் இடைவெளியை விடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் கண்கள் வெளிப்பக்கம் விலக வேண்டியிருக்கும், அது நம்மால் ஆகாது. கருவியில் பாதி லென்ஸ் வைத்ததே இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான்.

போனைக் குறுக்காகப் பிடித்து, மூக்கு தொடுகிற அளவுக்கு முகத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். எல்லாம் மங்கலாகத் தெரியும், இருக்கட்டும். படத்தைப் பார்க்காதீர்கள். போனுக்குப் பின்னால் தெருக்கோடியில் ஏதோ இருப்பதாக நினைத்து அதைப் பாருங்கள். அந்தப் பார்வையை மாற்றாமல் போனை மெல்ல மெல்ல பின்னால் நகர்த்துங்கள், ஒரு அடி தூரம் வரை. இரண்டு படம் மூன்றாகத் தெரியும். ஓரத்துப் படங்கள் இரண்டையும் விட்டுவிடுங்கள். நடுவில் உள்ளது தெளிவாக அவகாசம் கொடுங்கள். எனக்கு முதல் தடவை இரண்டு நாள் ஆனது. கண் வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள்.

பூட்டிக்கொண்டதும் தூணின் உச்சியைப் பார்க்கத் தோன்றும். அதைத் தள்ளிப்போட்டு, முதலில் தரையைப் பாருங்கள். முன்னால் விழுந்து கிடக்கும் கல்லில் தொடங்கி, அதற்கு அப்பால் உள்ள கல், தூணின் அடி, அடுத்த தூணின் அடி என்று கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நடத்திக்கொண்டு போங்கள். எங்கோ ஓரத்தில் நிழலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரையும் பாருங்கள்.